கடைசியாக இருந்த தண்ணீர்

ஏழாவது குடுவையில் எதுவும் நடக்கவில்லை.
அதே ஹெக்சேன், அதே நாற்பத்தைந்து டிகிரி,
நிமிடத்துக்கு அதே இருநூறு சுற்று.
ஜி.சி. திரையில் அன்னாசி எழும்ப வேண்டிய நிமிடத்தில்
கோடு படுத்தே கிடந்தது.
வினைபடாத பியூட்ரிக் அமிலம் மட்டும்
கெட்டுப்போன நெய்யாக
என் துப்பட்டாவில் ஏறிக்கொண்டது.
ஜிகணி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை
பொம்மசந்திரா வரை காலி.

மார்ச் மாதம்.
குடியிருப்புக்கு இரண்டு நாளாக டேங்கர் வரவில்லை.
ஒரு வாளித் தண்ணீரை
முகம், பாத்திரம், தொட்டிச் செடி என்று
மூன்று முறை வாழவைத்தேன்.

என் லிப்பேஸ் அதைவிடச் சிக்கனம்.
தண்ணீரே இல்லாத கரைப்பானுக்குள்
அது உடுத்திக்கொண்டு இறங்குவது
ஒரு துளிகூட இல்லை,
மேலே பூசியது போல் கொஞ்சம் ஈரம்.
அந்த ஈரத்தில்தான் அது மடங்கும், நிமிரும்,
வாய்மேல் இருக்கும் மூடியைத் திறந்து பார்க்கும்.

ஹெக்சேனுக்குத் தண்ணீரைப் பிடிக்காது,
ஆகவே தொடாமல் விட்டுவிடும்.
மெத்தனால் அப்படியில்லை.
தண்ணீரின் தோள்மேல் கைபோட்டுப் பழகும்,
பழகிப் பழகியே
உடுத்தியிருந்ததைக் கழற்றிக்கொண்டு போய்விடும்.
உறவாடிக் கெடுப்பது என்றால் என்னவென்று
எனக்குப் புரியவைத்தது
ஒரு கரைப்பான் பட்டியல்.

ஈரம் போனால் லிப்பேஸ் சாகாது.
விறைத்துக்கொள்ளும்.
தண்ணீரில் என்றால் முட்டை வெள்ளையாகத் திரண்டுவிடும் சூட்டிலும்
உருக்குலையாமல் நிற்கும்.
நிற்பது பெருமையா என்ன?
அசையாத கை எதைப் பிடிக்கும்?

மேலாளர் குரியாக்கோஸ் சூட்டைக் கூட்டச் சொன்னார்.
கூட்டினேன்.
நொதியை இரண்டு மடங்காக்கச் சொன்னார்.
ஆக்கினேன்.
கோடு புரண்டுகூடப் படுக்கவில்லை.

மூன்றாம் இரவு
உறைவுலர்த்தியின் பதிவேட்டைப் புரட்டினேன்.
தாட்சாயிணியின் உருண்டை எழுத்து.
மற்ற ஆறு நாளும்: பஃபர், ஏழு புள்ளி எட்டு.
பிப்ரவரி இருபத்தேழு:
ஆர்.ஓ. தண்ணீர் போதவில்லை, பஃபர் மாற்றவில்லை,
ஐந்து புள்ளி ஆறு.

அவ்வளவுதான் விஷயம்.
உலர்ந்து பொடியான பிறகும்
கடைசியாக இருந்த தண்ணீரின் புளிப்பை
அது விடாமல் வைத்திருக்கிறது.
எந்தப் பக்கச் சங்கிலிக்கு எந்த மின்னூட்டம் என்பது
அங்கேயே முடிவாகிவிட்டது.
ஹெக்சேனிடம் முறையிட்டுப் பயனில்லை,
மாற்றித்தர அதனிடம் எதுவும் இல்லை.

தாட்சாயிணியைக் கேட்டேன்.
"நீரு இரலில்லா, அக்கா."
ஒளிக்காமல் எழுதி வைத்தவளிடம்
மேற்கொண்டு என்ன கேட்பது?

மறுபடி தண்ணீரில் கரைத்தேன்.
ஏழு புள்ளி எட்டுக்கு ஏற்றி
அரை மணி சும்மா உட்கார்ந்திருந்தேன்.
உறையவைத்து, உலர்த்தி,
அடுத்த இரவு ஹெக்சேனில் விட்டேன்.
விடிகாலை நாலேகாலுக்கு
குடுவையின் மூடியைத் தளர்த்தியதுமே வந்துவிட்டது.
காவலாளி திப்பேசாமி கதவோரம் நின்று
மூக்கை உயர்த்தினார்:
"ஏனு மேடம், அனானஸா?"

கொண்டாட நேரமில்லை.
அமிலத்தையும் ஆல்கஹாலையும் ஒட்டும் ஒவ்வொரு முறையும்
ஒரு நீர் மூலக்கூறு வெளியே விழும்.
விழுந்தது சேர்ந்து பெருகினால்
ஒட்டிய கையே வெட்டத் தொடங்கும்.
தண்ணீரில் அதன் பிழைப்பே வெட்டுவதுதான்.
நீர் உறிஞ்சும் சல்லடை மணிகளை
எடைபோட்டு உள்ளே கொட்டினேன்,
ஒரு கை குறைவாக.
முழுக்கக் காய்ந்துவிடவும் கூடாது.

மேஜைமேல் போன் அதிர்ந்தது,
குடியிருப்புக் குழுவின் செய்தி:
ஆறு மணிக்கு டேங்கர்.
வீட்டுக்கு இரண்டு வாளி.